புது மீன் வாங்கியாச்சா? உடனே தொட்டியில விட்டுடாதீங்க!

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குந்தாரப்பள்ளியில், வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும். சந்தையில் வாங்கிய ஆட்டை, விவரம் தெரிந்தவர்கள் அன்றைக்கே பட்டியில் சேர்க்க மாட்டார்கள். சில நாள் தனியாகக் கட்டிவைத்துப் பார்ப்பார்கள். வீட்டு மீன்தொட்டிக்கும் இதே கணக்குதான். ஆனா, நாம கவரில் வந்த மீனை வீட்டுக்கு வந்த கையோடு தொட்டியில விட்டுடறோம்!

பார்க்க நல்லாத்தானே இருக்கு?

சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வளரும் வண்ணமீன்கள், மொத்த வியாபாரி, கடை எனக் கைமாறித்தான் நம்மிடம் வருகின்றன. பயண அலைச்சலில் எதிர்ப்பு சக்தி குறையும். அப்போது எளிதில் தொற்றுவது வெள்ளைப்புள்ளி நோய். உடம்பில் உப்புத்தூள் தூவியதுபோல இருக்கும். செவுளில் மட்டும் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

இந்த ஒட்டுண்ணி முதிர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும். அப்படி நீந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். 25 டிகிரி வெப்பத்தில் இந்தச் சுற்று முடிய சுமார் ஒரு வாரம் ஆகும். குளிரில் இன்னும் இழுக்கும். ஓசூர் பக்கத்து மார்கழிக் குளிரில் அவசரம் கூடவே கூடாது.

என்ன செய்யணும்?

* 20 - 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். மூடி கட்டாயம், மீன் துள்ளிடும். ஒளிந்துகொள்ள ஒரு பைப் துண்டு போடுங்க. மணல், கல் வேண்டாம்.
* ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்கூட்டியே பழைய தொட்டியில் சில வாரம் ஓடவிட்டு எடுத்துக்கோங்க. அதில் வளரும் நல்ல பாக்டீரியா, கழிவு அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும்.
* கவரை 15 - 20 நிமிடம் டப்பில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்துவிடுங்க. கவர் தண்ணியை ஊற்றாதீங்க.
* இந்த டப்புக்குத் தனி வலை, தனி பக்கெட். முதலில் பழைய தொட்டி வேலையை முடிச்சுட்டு, அப்புறம் இங்கே வாங்க.
* 4 வாரம் கவனியுங்க. புள்ளி, கிழிந்த துடுப்பு, வேகமான மூச்சு, உடம்பைத் தேய்ப்பது, சாப்பிடாதது... எல்லாமே எச்சரிக்கை. நோய் வந்தால், குணமான பிறகு மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணுங்க.
* அறிகுறி இல்லாமல் மருந்து ஊற்றாதீங்க. நோயுற்ற மீனையும் தண்ணியையும் ஏரியில் விடவே கூடாது.

ஏரியில் இருக்கும் மீன் விலகிப் போகலாம். தொட்டிக்குள் இருக்கும் உங்க பழைய மீன்களுக்கு ஓட இடமில்லை. அதுங்களுக்காக 4 வாரம் பொறுக்கலாமே!