தொழுநோய்க்குத் தனி வரிசை எப்போ முடிஞ்சது?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல கீழ்பென்னாத்தூர் வரும். இன்னைக்கு அங்க ஒருத்தருக்கு உடம்புல உணர்ச்சி இல்லாத ஒரு தேமல் இருந்தா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாரு. சளி, காய்ச்சல், சுகர்னு வந்தவங்களோட அதே வரிசையில நிப்பாரு. இதுல என்ன இருக்குன்னு தோணும். ஆனா தமிழ்நாட்டுல தொழுநோய் சிகிச்சையைப் பொது சுகாதாரத் துறையோட இணைச்சது 1997-லதான்.

அதுக்கு முன்னாடி எல்லாமே தனி. 1898-ல பிரிட்டிஷ் அரசு போட்ட சட்டம், பிச்சை எடுக்கிற தொழுநோயாளிகளைப் பிடிச்சு அடைச்சு வைக்கலாம்னு சொன்னது. வைத்தியம் பெரும்பாலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் கையில இருந்தது. 1940-களின் கடைசியில டாப்சோன் மாத்திரை வந்தது. செங்கல்பட்டுல டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதை ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்த்தவர். வேலூர் சி.எம்.சி.யில பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செஞ்சு மறுபடி வேலை செய்ய வெச்சாரு. 1955-ல கரிகிரியில தனி ஆராய்ச்சி மையமே வந்தது. வேலூரும் கரிகிரியும் அன்றைய வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை அந்த மாவட்டத்திலிருந்து பிரிஞ்சது 1989-லதான்.

மருந்து வந்ததும் ஒரு கேள்வி வந்தது: நோயாளி வரட்டும்னு காத்திருக்கிறதா, நாம போறதா? 1951-ல தொடங்கிய காந்தி நினைவு தொழுநோய் அறக்கட்டளையில டாக்டர் வார்தேகர் ஒரு முறையை உருவாக்கினாரு. வீடு வீடா கணக்கெடுப்பு, விளக்கம், சிகிச்சை, மூணும் ஒண்ணா. அரசும் இதை எடுத்துக்கிட்டது. தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு பகுதியை ஒப்படைச்சு மானியமும் கொடுத்தது. இந்த ஏற்பாட்டுல எனக்குப் பிடிச்ச விஷயம், யார் பொறுப்புங்கிறது தெளிவா இருந்தது. ஒரு ஊர்ல ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டா, ஏன்னு கேட்டு வீட்டுக்கே வர ஒரு ஆள் இருந்தாரு.

1981-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைச்சது. 1983-ல அது இந்தியாவுல தொடங்குன ஆரம்ப மாவட்டங்கள்ல வட ஆற்காடும் ஒண்ணு. டாப்சோனை தினமும் வீட்டுல சாப்பிடலாம். ரிஃபாம்பிசினை மாசத்துக்கு ஒரு தடவை ஊழியர் கண் முன்னாடியே விழுங்கணும். குளோஃபாசிமின் சாப்பிட்டா தோல் கருத்துப் போகும். மருந்தே ஊருக்குக் காட்டிக் கொடுக்குதேன்னு நிறுத்தினவங்களும் உண்டு. வருஷக்கணக்கா, சில பேர் ஆயுசு முழுக்க சாப்பிட்ட மாத்திரைக்கு இப்போ ஒரு முடிவு தேதி கிடைச்சது. நோயாளிகள் எண்ணிக்கை மளமளன்னு இறங்குச்சு.

எண்ணிக்கை குறைஞ்சா தனித் துறை எதுக்கு? அப்படித்தான் 1997 வந்தது. நியாயமான முடிவுதான். ஒரு வீட்டு வாசல்ல தொழுநோய் ஜீப் நின்னா தெருவுக்கே சேதி போயிடும். பொது வரிசையில அந்தத் தொல்லை இல்ல. ஆனா இழப்பும் இருந்தது. பழைய ஊழியர்களுக்கு தேமலைத் தொட்டு, முழங்கைப் பக்கம் நரம்பைத் தடவிப் பார்க்கிற பழக்கம் கைவந்திருந்தது. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு அது எப்படி வரும்?

இன்னொரு சிக்கல் கால் புண். கிருமி செத்தாலும் செத்த நரம்பு திரும்பாது. முள் குத்தினாலும் வலிக்காது, அதனால புண் பெருசாகும். தினமும் பாதத்தைத் தண்ணியில ஊற வெச்சு, தேய்ச்சு, எண்ணெய் தடவணும். மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு போடணும். இதைக் கத்துக்கொடுத்து, செருப்பு தேய்ஞ்சா மாத்தி, வீட்டு ஆளுங்ககிட்டப் பேசுறதுக்கு ஓ.பி. சீட்டுல இடம் கிடையாது. இணைப்புக்கு அப்புறமும் இந்த வேலையில பெரும் பங்கு தொண்டு நிறுவனங்கள் தலையிலதான்.

2005 கடைசியில இந்தியா, தேசிய அளவுல தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழே வந்திடுச்சுன்னு சொல்லுச்சு. 'ஒழிப்பு'ன்னு அதுக்குப் பேர் வெச்சதுதான் சரியில்லைன்னு நினைக்கிறேன். புது நோயாளிகள் வந்துகிட்டேதான் இருந்தாங்க. 1898 சட்டம் ரத்தானது 2016-ல. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமா காட்டலாம்ங்கிற பிரிவு 2019-லதான் போச்சு.

அதே 2016-ல, நோய் அதிகமா இருந்த மாவட்டங்கள்ல அரசு மறுபடியும் வீடு வீடா தேட ஆரம்பிச்சது. குழுவுக்கு ரெண்டு பேர்: பெண்களோட தேமலைப் பார்க்க ஒரு ஆஷா ஊழியர், ஆண்களைப் பார்க்க உள்ளூர்த் தன்னார்வலர் ஒருத்தர்.