போனஸ் என்னும் சொல்லும் அதன் கணக்கும்: சிங்கப்பூர், மலேசியச் சட்ட வரலாற்றில் ஒரு பார்வை



ஆண்டிறுதியிலோ பண்டிகைக் காலத்திலோ முதலாளி தொழிலாளிக்கு வழங்கும் தனித்தொகையை நாம் ‘போனஸ்’ என்கிறோம். செய்தித்தாள்கள் சில வேளைகளில் ‘ஊக்கத்தொகை’ என்றும், சில வேளைகளில் ‘வெகுமதி’ என்றும் எழுதுகின்றன. பேச்சில் இம்மூன்றும் ஒன்றையே குறிப்பன போலத் தோன்றலாம். சட்டத்தின் முன் அவை ஒன்றாவதில்லை. ஒரு தொகைக்கு எப்பெயர் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு வரி உண்டா, சேமநிதிச் சந்தா உண்டா, அதைத் தொழிலாளி உரிமையாகக் கேட்கலாமா என்பன முடிவாகின்றன. இச்சொல்லின் வரலாற்றையும், முதலாளி அதனைக் கணக்கில் காட்டும் முறையின் வரலாற்றையும் இணைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லின் வரவு

இலத்தீன் மொழியில் ‘போனுஸ்’ என்பது ‘நல்ல’ எனப் பொருள்படும் பெயரடை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் பங்குச் சந்தைப் பேச்சுவழக்கில் அது ‘எதிர்பாராது கிடைத்த நல்ல தொகை’ என்னும் பொருளில் பெயர்ச்சொல்லாயிற்று. பங்குதாரர்க்குத் தரும் மிகுதிப் பங்கு அதன் பொருளாகிப் பின்னர்த் தொழிலாளிக்குத் தரும் மிகுதித் தொகையையும் குறிக்கலாயிற்று. இலாபத்தோடும் கொடையோடும் ஒருங்கே உறவு கொண்ட இச்சொல்லின் இரட்டைத் தன்மை இன்றும் நீங்கவில்லை.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களும் அவ்விரு பக்கங்களையும் காட்டுகின்றன. ‘வெகுமதி’ என்பது ‘பெருமதிப்பு’ எனப் பொருள்படும் ‘பஹுமதி’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. கொடுப்பவரின் மனமுவந்த செயலை முன்னிறுத்துவது. ‘ஊக்கத்தொகை’ இனிச் செய்யவேண்டிய உழைப்பைத் தூண்டுவது. தமிழ்நாட்டு அரசு தன் பொதுத்துறைத் தொழிலாளர்க்கான அறிவிப்புகளில் ‘போனஸ் மற்றும் கருணைத்தொகை’ என இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. சட்டப்படி தரவேண்டியது முன்னது. அதற்கு மேல் விருப்பத்தால் தருவது பின்னது. ஒரு தொடருக்குள்ளேயே உரிமையும் தயவும் பிரிந்து நிற்பதைக் காண்க.

வரிச்சட்டத்தில் ‘ஊதியம்’

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிலையான வருமான வரி நெடுங்காலம் இருந்ததில்லை. வணிகரின் கடும் எதிர்ப்புக்கிடையே 1947ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி 1948 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலையினால் வரும் ‘ஆதாயம் அல்லது இலாபம்’ என்பதைச் சட்டம் வரிக்குரியதாக்கி, அதனுள் அடங்குவனவற்றைப் பட்டியலிட்டது. கூலி, சம்பளம், விடுப்புச் சம்பளம், கட்டணம், தரகு, போனஸ், பணிக்கொடை, பிற அனுகூலங்கள், படிகள் என அப்பட்டியல் நீள்கிறது. சிங்கப்பூரின் இன்றைய வருமான வரிச் சட்டத்திலும் மலேசியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே வரிசையைக் காணலாம்.

மொழி பயில்வோர்க்கு இதில் ஒரு சுவை உண்டு. ‘ஊதியம்’ என்னும் சொல் இன்று சம்பளத்தைக் குறிக்கிறது. திருக்குறளிலோ அது ‘ஆதாயம், இலாபம்’ என்னும் பொருளில் ஆளப்படுகிறது. வேலையினின்று கிடைப்பது அனைத்தும் ஆதாயமே என்னும் சட்டத்தின் பார்வை நம் சொல்லின் பழம்பொருளோடு இயல்பாகப் பொருந்துகிறது. கொடுத்தவர் அதனைப் பரிசு என்றாலும், வேலையின் பயனாக வந்ததாயின் அது வரிக்குட்பட்டதே. சிறு விலக்குகள் உண்டு. சிங்கப்பூரில் பண்டிகைக்காக ஊழியர் அனைவர்க்கும் தரப்படும் அன்பளிப்பு 200 வெள்ளியைத் தாண்டாதிருப்பின் நிர்வாகச் சலுகையாக வரி விதிக்கப்படுவதில்லை. தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி உண்டு. அங்பாவ் உறையில் வைத்துத் தந்தாலும் போனஸ் போனஸே.

சிங்கப்பூர்: ஒரு தொகைக்கு மூன்று பெயர்கள்

வரிச்சட்டம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் இட, வேலைவாய்ப்புச் சட்டம் அவற்றைப் பிரித்தது. 1968இல் சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் தேசியச் சம்பள மன்றம் அமைந்தது. ‘பதின்மூன்றாம் மாதச் சம்பளம்’ என மக்கள் வழங்கும் ஆண்டு மிகைச் சம்பளம் 1970களில் வேரூன்றியது. தொழில் செழித்த காலத்தில் அது நிலையான செலவாகிவிட்டது. 1985இன் பொருளாதாரச் சரிவு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. வருவாய் குறைந்தபோது சம்பளச் செலவைக் குறைக்க வழியின்மையால் 1986இல் முதலாளிகளின் சேமநிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்தின் நிலைக்கேற்பக் கூடிக் குறையும் சம்பள முறை அதன்பின் வலியுறுத்தப்பட்டது.

இதன் விளைவை 1988இன் சட்டத் திருத்தத்தில் காணலாம். இன்றும் நடப்பிலுள்ள அப்பகுதி மூன்று சொற்களுக்குத் தனித்தனி வரையறை தருகிறது. ஆண்டு முழுதும் ஈட்டிய சம்பளத்தோடு கூடுதலாக ஒருமுறை தருவது ஆண்டு மிகைச் சம்பளம். நிறுவனத்தின் வெற்றிக்கு ஊழியர் ஆற்றிய பங்குக்குக் கைம்மாறாக ஆண்டுக்கொருமுறை தருவது போனஸ். உற்பத்தித்திறனைப் பெருக்கத் தூண்டுவதற்காகவோ பங்களிப்புக்குக் கைம்மாறாகவோ எவ்வடிவிலும் தருவது மாறும் தொகை. 1988 ஆகஸ்ட் 26க்கு முன் ஆண்டு மிகைச் சம்பளம் தந்திராத முதலாளி, அதன்பின் செய்யும் ஒப்பந்தத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அதனை உறுதியளிக்கலாகாது என்னும் வரம்பும் உண்டு.

முதலாவது கழிந்த ஆண்டின் சம்பளத்தோடும், இரண்டாவது நிறுவனத்தின் வெற்றியோடும் தொடர்புடையன. மூன்றாவது வரும் உழைப்பையும் நோக்குவது. மூன்றையும் ‘ஊக்கத்தொகை’ என மொழிபெயர்க்கும்போது இவ்வேறுபாடு முற்றிலும் மறைந்துபோகிறது. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சிங்கப்பூரில் சட்டத்தின் கட்டாயமாக இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதப்பட்டிருந்தால் அது தொழிலாளியின் உரிமை. எழுதப்படாதபோது அது முதலாளியின் விருப்பம். ஆகவே ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்குபவர் எச்சொல்லை ஆள்கிறார் என்பதில் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் அடங்கியிருக்கக்கூடும்.

சேமநிதி கேட்கும் கேள்வி

1955 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சேமநிதி வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தொகையின் பெயரைக் காட்டிலும் அதன் காலமே அங்கு முதன்மை. ஒரு மாத வேலைக்காக மட்டுமே உரியதாகி, அடுத்த மாதம் 14ஆம் நாளுக்குள் தரப்பட வேண்டியதாயின் அது சாதாரணச் சம்பளம். ஏனையவை கூடுதல் சம்பளம். ஆண்டு போனஸ் பின்னதில் அடங்கும். மாதந்தோறும் அம்மாத வேலைக்கென்று தரப்படும் ஊக்கத்தொகையோ முன்னதில் சேரும்.

இவ்விரண்டுக்கும் உச்சவரம்புகள் வேறு. 2026 முதல் சாதாரணச் சம்பளத்தின் மாத வரம்பு 8,000 வெள்ளி. கூடுதல் சம்பளத்தின் வரம்பு, 102,000 வெள்ளியிலிருந்து அவ்வாண்டில் சந்தாவுக்குட்பட்ட சாதாரணச் சம்பளத்தைக் கழித்து வருவது. மாதம் 5,000 வெள்ளி பெறுபவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 60,000 கழிய, 42,000 வெள்ளி எஞ்சுகிறது; அவரது 10,000 வெள்ளி போனஸ் முழுவதற்கும் சந்தா உண்டு. 55 வயதுக்குட்பட்டவராயின் முதலாளி 17 விழுக்காடாக 1,700 வெள்ளியும், ஊழியர் 20 விழுக்காடாக 2,000 வெள்ளியும் செலுத்துவர். மாதம் 9,000 வெள்ளி பெறுபவர்க்கோ 96,000 கழிந்து 6,000 மட்டுமே எஞ்சும். அதே 10,000 வெள்ளி போனஸில் 6,000 வெள்ளிக்கே சந்தா. முதலாளியின் பங்கு 1,020 வெள்ளியாகக் குறைகிறது.

மலேசியா: ஒரு சொல், மாறுபட்ட எல்லைகள்

மலேசியச் சட்டங்களில் இச்சொல்லின் எல்லை சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் இன்றைய சட்டமான 1991ஆம் ஆண்டுச் சட்டம், ‘சம்பளம்’ என்பதன் வரையறைக்குள் போனஸையும் சேர்க்கிறது. ஆகவே அதற்குச் சந்தா உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டு போனஸைச் சம்பளத்தின் வரையறையிலிருந்து நீக்குகிறது. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே நீக்குவதால், அங்கு ஆண்டு போனஸுக்குச் சந்தா கிடையாது. ஒரே தொழிலாளியின் ஒரே தொகை ஓரிடத்தில் சம்பளமாகவும் மற்றோரிடத்தில் சம்பளமல்லாததாகவும் நிற்கிறது. முரண்போல் தோன்றினும் காரணம் உண்டு. சேமநிதி ஒருவர் ஈட்டுவதில் முதுமைக்கு ஒரு பங்கை ஒதுக்குகிறது; சொக்சோ விபத்தால் இழக்கும் வழக்கமான மாத வருவாயை ஈடுசெய்ய முயல்கிறது. நோக்கம் வேறாகும்போது வரையறையும் வேறாகிறது.

எந்த ஆண்டின் வருமானம்?

2025இன் உழைப்புக்கான போனஸ் 2026 மார்ச்சில் கைக்கு வந்தால், முதலாளி அதனை எவ்வாண்டுக் கணக்கில் காட்டவேண்டும்? இது காலத்தைப் பற்றிய கேள்வி. இரு நாடுகளும் விடை கண்ட வழிகள் வெவ்வேறு. மலேசியாவில் முன்னர் அத்தகைய போனஸ் உழைத்த ஆண்டுக்கே திருப்பிக் கணக்கிடப்பட்டது. பழைய மதிப்பீடுகளை மீண்டும் திறக்கவேண்டியிருந்தது. 2009ஆம் மதிப்பீட்டாண்டு முதல் கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே அது கொள்ளப்படுகிறது. சிங்கப்பூரில் ஒப்பந்தமே அளவுகோல். ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட போனஸ் உரிமை பிறந்த ஆண்டிலும், உறுதியளிக்கப்படாதது தரப்பட்ட ஆண்டிலும் சேரும்.

அறிக்கை முறையும் வேறு. சிங்கப்பூர் முதலாளி ஒவ்வோராண்டும் மார்ச் 1ஆம் நாளுக்குள், முந்தைய ஆண்டின் விவரங்களை ஐஆர்8ஏ படிவத்தின்படி தரவேண்டும். அதில் சம்பளத்துக்கு ஓர் இடமும் போனஸுக்குத் தனியிடமும் உள்ளன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள் இதனை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு மின்வழி அனுப்புகின்றன. மாதந்தோறும் வரி பிடிப்பதில்லை. போனஸ் சேமநிதிச் சந்தா போக முழுமையாகக் கைக்கு வரும். அதற்கான வரி மறு ஆண்டில் வந்து நிற்கும். செலவழித்தபின் வரும் அக்கடிதத்துக்கு ஆயத்தமாக இருப்பது ஊழியரின் பொறுப்பு.

மலேசியாவில் 1995 முதல் மாதாந்திர வரிப் பிடித்தம் உண்டு. போனஸ் தரும் மாதத்தில் முதலாளி இருமுறை கணக்கிடுகிறார். போனஸ் சேர்ந்தால் ஆண்டு வரி எவ்வளவு, சேராவிடின் எவ்வளவு எனக் கண்டு, வேறுபாட்டை அம்மாதமே பிடிக்கிறார். இதனால்தான் அம்மாதப் பிடித்தம் பெரிதாகத் தெரிகிறது. போனஸுக்கென்று தனி வரி விகிதம் இருப்பதாகப் பலர் நம்புவது தவறு. ஆண்டு வரி முழுதும் அத்தொகையால் எவ்வளவு உயர்கிறதோ அது ஒரே மாதத்தில் பிடிக்கப்படுகிறது. ஆண்டு முடிந்தபின் பிப்ரவரி இறுதிக்குள் முதலாளி தரும் ஈஏ படிவத்தில் இவையனைத்தும் பதிவாகின்றன.

நாம் செய்யத்தக்கது

‘போனஸ்’ என்பதற்குத் தூய தமிழ்ச்சொல் காண்பது மட்டும் நம் கடமையாகாது. ஆண்டு மிகைச் சம்பளம், போனஸ், மாறும் தொகை, கருணைத்தொகை ஆகிய நான்கையும் பிரித்துச் சொல்லும் ஒழுங்கு வேண்டும். ‘போனஸ்’ என்னும் கடன்சொல் மக்கள் நாவில் நிலைபெற்றுவிட்டது. அதனை நீக்க முயல்வதைவிட அதன் எல்லையை வரையறுத்துக்கொள்வது பயன் தரும். ‘ஊக்கத்தொகை’ என்பதை உழைப்பைத் தூண்டும் தொகைக்கு மட்டும் ஒதுக்கலாம்.

உயர்நிலை வகுப்புகளில் மொழிபெயர்ப்பு கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். பெயரும் எண்களும் மறைத்த ஒரு வேலை ஒப்பந்தத்தை மாணவரிடம் தந்து, அதிலுள்ள தொகைகளைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகைக்கும், ‘இதனை இவர் கேட்டுப் பெறலாமா, கொடுத்தால் பெறலாமா?’ என்று கேளுங்கள். சில ஆண்டுகளில் அம்மாணவரே தம் முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவார். அன்று அக்கேள்வி அவர் நினைவில் இருக்குமாயின், நாம் கற்பித்த சொல்லாராய்ச்சி அவர்க்கு உதவியது எனலாம்.