துப்பாக்கியில் பொறித்த ஆண்டு: திப்பு சுல்தானின் வேட்டைத் துப்பாக்கிகளும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

பழந்துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வரும்போது சேகரிப்போர் அதன் சுடுதிறனைப் பெரிதாகக் கருதுவதில்லை. அதன்மேல் பொறிக்கப்பட்ட எழுத்தையே முதலில் நோக்குவர். செய்தவர் பெயர், செய்த இடம், செய்த ஆண்டு என்னும் மூன்றும் பொருளின் உண்மையை நிறுவுவன. விலையை உறுதிசெய்வனவும் அவையே. எனவே பொறிப்பைப் படித்து மொழிபெயர்ப்பவரின் பொறுப்பு சிறிதன்று. மைசூரை 1782 முதல் 1799 வரை ஆண்ட திப்பு சுல்தானின் ஆயுதச் சாலையில் உருவான வேட்டைத் துப்பாக்கிகளைச் சான்றாகக் கொண்டு இப்பொறுப்பின் தன்மையை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. துப்பாக்கிகள் சிதறிய வரலாறு

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4 அன்று வீழ்ந்தது. முற்றுகையில் சென்னைப் படையும் ஹைதராபாத் நிஜாமின் படையும் ஈடுபட்டன. கண்ணனூர் வழியாக வந்த பம்பாய்ப் படையும் உடன் நின்றது. அரண்மனைப் பொருள்கள் கொள்ளைப் பொருள்களாகப் பங்கிடப்பட்டன. ஆயுதங்கள் பல அதிகாரிகளின் குடும்பங்கள் வழியே இங்கிலாந்து சேர்ந்தன. அவற்றுள் சில இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஏலத்திற்கு வந்தன. 2015 ஏப்ரலில் இலண்டனில் போன்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்ஷயர் பகுதி வீடொன்றிலிருந்து கிடைத்த வெள்ளிப் பூணிட்ட துப்பாக்கி ஒன்றும் ஏலத்தில் விற்கப்பட்டது.

3. இரட்டைக்குழலும் இருவெடியும்

முதற்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ‘துப்பாக்கி’ என்பது துருக்கிய, பாரசீகச் சொற்களிலிருந்து தென்னிந்திய மொழிகளுக்கு வந்தது. தீப்பொறி எழுப்பும் கல்லைக் குறிக்கும் ‘சக்கிமுக்கி’ என்பதன் மூலமும் அவ்வழிப்பட்டதே. ஆனால் குழல், குதிரை, மருந்து, குண்டு என உறுப்புகளையும் உட்பொருள்களையும் குறிக்கத் தமிழர் தம் பழஞ்சொற்களையே புதுப்பொருளில் ஆண்டனர்.

2015இல் விற்ற துப்பாக்கி இருமுறை சுடவல்லது. எனினும் அது இரட்டைக்குழல் துப்பாக்கி அன்று. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரு குழல்கள் இணைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே மருந்திடுவர். இத்துப்பாக்கிக்கோ குழல் ஒன்றே. அதனுள் மருந்தும் குண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இரு அடுக்குகளாக இடப்படும்; முன்னடுக்கு முதலில் வெடித்தாக வேண்டும். இவ்வமைப்பை ‘ஒற்றைக்குழல் இருவெடித் துப்பாக்கி’ எனலாம். ‘இரட்டை’ என்னும் அடையை ஆராயாது சேர்த்தால் வேறொரு கருவியையே படிப்போர் மனங்கொள்வர்.

அளவுச்சொற்களிலும் இத்தகைய பிழை நேரக்கூடும். 2019இல் விற்ற துப்பாக்கியை 20 போர் என்று குறித்தனர். இது 20 மில்லிமீட்டர் அன்று. ஓர் இராத்தல் ஈயத்தை 20 சம குண்டுகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று பொருந்தும் விட்டமே 20 போர், ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். எண் பெருகப் பெருகக் குழலின் விட்டம் சிறுக்கும்.

4. எழுத்தில் சிங்கம், உருவில் புலி

திப்புவின் ஆயுதங்களில் புலிமுகமும் புலிவரியும் மிகுதியாகக் காணப்படுகின்றன. புலிமுகம் போல வளைத்தெழுதிய அரபுத் தொடர் ஒன்றும் அவற்றில் இடம்பெறுகிறது. ‘இறைவனின் சிங்கமே வெற்றி கொள்வது’ என்பது அதன் பொருள். ‘அஸத்’ என்னும் அரபுச் சொல் சிங்கத்தையே குறிக்கும். திப்புவின் தந்தை பெயரான ‘ஹைதர்’ என்பதற்கும் அதுவே பொருள். ஆகவே எழுத்து சிங்கம் என்கிறது. வடிவம் புலியைக் காட்டுகிறது. உருவுக்கு இசையத் தொடரைப் ‘புலி’ என்று பெயர்ப்பதும், சொல்லுக்கு இசைய உருவத்தைச் ‘சிங்கமுகம்’ என்று வருணிப்பதும் ஒருங்கே பிழையாகும். இரண்டையும் உள்ளவாறே தருதல் வேண்டும். சில துப்பாக்கிகளைச் செய்தவர் பெயரும் அஸத் அமீன் என்பது. ஆதலால் இயற்பெயர் எது, இலச்சினைத் தொடர் எது எனப் பிரித்தறிவதும் தேவையாகிறது.

5. ஆண்டு வாசிப்பு

எல்லாவற்றினும் நுட்பமானது ஆண்டு. திப்பு தொடக்கத்தில் ஹிஜ்ரி ஆண்டைக் கையாண்டார். பின்னர் நபிகள் நாயகத்தின் பிறப்பை ஒட்டிக் கணக்கிடும் மௌலூதி ஆண்டைப் புகுத்தினார். ஹிஜ்ரி முற்றிலும் சந்திர மானத்தது. மௌலூதியோ தென்னாட்டு அறுபதாண்டுச் சுழற்சியோடு இசைந்து செல்வது. மேலும் அவருடைய நாணயங்களில் மௌலூதி ஆண்டின் இலக்கங்கள், அரபு எழுத்துகளைப் போலவே வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டன. வழக்கமாக இலக்கம் படிப்பவர்க்கு 1222 என்பது 2221 எனத் தோன்றும்.

1221ஆம் ஆண்டு சிறந்த சான்றாகும். இதனை எப்புறமிருந்து படித்தாலும் எண் மாறாது. எனினும் இடர் நீங்குவதில்லை. இதை ஹிஜ்ரி எனக் கொண்டால் கி.பி. 1806-07 ஆகிறது. திப்பு இறந்து ஏழாண்டு கழிந்த காலம் அது! அவ்வாறு கணக்கிடுபவர் மெய்யான பொருளைப் போலி எனத் தள்ளிவிடக்கூடும். மௌலூதி எனக் கொண்டால் 1792-93 ஆகிறது. தமிழ் ஆண்டுக் கணக்கில் இது 46ஆவதான பரிதாபி. திப்பு அவ்வாண்டுக்கு இட்ட பெயர் ‘ஸஹர்’. விடியல் என்று பொருள். அவர் மேற்கொண்ட எழுத்தெண் முறையில் அச்சொல்லின் ஸீன் 30, ஹே 6, ரே 10; கூட்டினால் 46. பரவலாக அறியப்பட்ட அப்ஜத் முறையில் கூட்டினாலோ 268 வரும். அதனால் பயன் இல்லை. நெடுங்கணக்கின் வரிசைப்படியே எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளித்தது இப்புதிய முறை. ஆண்டின் பெயரும் எண்ணும் அறுபதாண்டுச் சுழற்சியும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதால், பெயர் கிடைக்கும் இடத்தில் ஆண்டைச் சரிபார்க்க இயல்கிறது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், பொறிப்பின் மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் வைப்பதோடு முடிவதில்லை என்பது பெறப்படும். கருவியின் அமைப்பு, ஓவிய மரபு, கால அளவை ஆகியவற்றையும் மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். மூலத்தில் உள்ளவாறு இலக்கங்களை முதலில் தந்து, எந்த ஆண்டுமுறை எனக் குறித்து, அதன்பின்னரே கி.பி. ஆண்டைத் தருவது தக்க நெறியாகும். ஊரைவிட்டுப் பெயர்ந்து, உடைமையாளர் பலரிடம் கைமாறிய துப்பாக்கிக்குத் தன் பிறப்பிடத்தைச் சொல்லும் சான்றாக எஞ்சியிருப்பவை அந்தச் சில எழுத்துகளே. அவற்றைப் பிழைபடப் படித்தால் அச்சான்றையும் இழக்க நேரிடும்.