தேரை நிறுத்துற கட்டை

மலைச்சரிவுல ஸ்கேட்போர்டுக்கு பிரேக் கிடையாது. பலகையைக் குறுக்கே திருப்பி, சக்கரத்தைத் தேய விட்டு நிறுத்தலாம். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி மேடுகளில் கிளிஃப் கோல்மன், கையுறை போட்ட கையைத் தரையில் ஊன்றிச் சறுக்கி நிறுத்தினார்.

நம்ம மதுரைத் தேரையும் உராய்வுதான் நிறுத்துது. வடம் பிடிக்கிறவங்க இழுக்கத்தான் முடியும். நிறுத்துறது முட்டுக்கட்டை. உருளும் சக்கரத்துக்கு முன்னால ஆப்பு மாதிரி சொருகுவாங்க. மாசி வீதி முனையில தேர் திரும்புறதும் அதாலதான். (மாசியில் ஓடின தேரை 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினார்னு சொல்வாங்க. வீதிப் பெயர் மாறல!)

திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்தியிருக்கு. ஆனா அங்கேயும் முட்டுக்கட்டை போகல.

எல்லாரும் தேர் உச்சியைப் பார்ப்பாங்க. என் கண்ணு கட்டை போடுறவர் பாதத்துலதான் நிக்கும். கால் நசுங்கினா மஞ்சள், காபித்தூள் அப்பாதீங்க. சுத்தமான துணியைச் சுத்தி, 108-க்கு போன் பண்ணுங்க.