தூய நீரில் பட்டினி: பவளத் தொட்டி சொல்லும் வரலாறு

 

வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்ப்போரை நீங்கள் அறிந்திருக்கலாம். தொட்டி நீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஊட்டப் பொருள்கள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே அவர்களின் ஓயாத கவலை. மீன் தொட்டிக்காரரின் கவலை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. அதற்கு விடை தேடி மாந்தர் ஏறத்தாழ 170 ஆண்டுகள் நடந்த பாதை, வகுப்பறையில் ‘மாசு’ என்னும் சொல்லை நாம் கற்பிக்கும் முறையையே எண்ணிப் பார்க்க வைக்கிறது.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் கிடைத்த குளிர்கடல் பவளங்களை இலண்டனுக்குக் கொண்டு சென்று கண்ணாடிக் கலங்களில் வளர்த்தார். கடல்நீரை அடிக்கடி வரவழைப்பது எளிதன்று. ஆகவே, இருந்த நீரையே சன்னலருகே ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றுமாறு தம் பணிப்பெண்ணைப் பணித்தார். பின்னர்க் கடற்பாசியையும் கலத்தில் சேர்த்தார். பவளங்கள் நெடுநாள் வாழ்ந்தன. 1850இல் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், தங்கமீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் எனக் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொது மக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது.

அக்காலத்தார் நீரைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். தெளிந்திருந்தால் நல்லநீர், கலங்கினால் கெட்டநீர். கண்ணுக்குத் தெரியாத வேதிமாற்றம் பின்னரே புலப்பட்டது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது கொடிய நஞ்சு. நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வகை நுண்ணுயிரிகளை 1890ஆம் ஆண்டளவில் செர்கே வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிவியலாளர் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். தொட்டிகளில் வடிகட்டி அமைப்பதன் அடிப்படையும் இதுதான். நுண்ணுயிரிகள் குடியிருக்க இடம் தருவதே வடிகட்டியின் தலையாய பணி.

இவ்வரலாற்றில் நம் அண்டை நாட்டவர் ஒருவருக்கும் சிறப்பிடம் உண்டு. இந்தோனேசியாவின் ஜாக்கர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், கடல்நீர், கதிரவன் ஒளி, சிறு காற்றுக் குமிழ்கள் ஆகியவற்றைக் கொண்டே தொட்டியை நடத்தினார். தம் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் உயிர்களே நீரைப் பேணும் என்பது அவர் முறையின் உட்பொருள். அன்று பெரிதாக எடுத்துக் கொள்ளப்படாத அம்முறை, இன்றைய பவளத் தொட்டிகள் பலவற்றுக்கும் அடித்தளமாக உள்ளது.

1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரைகள் வழியாக, நீரைச் சொட்டவிடும் வடிகட்டி அந்நாட்டில் பரவியது. அம்மோனியாவை அது விரைந்து மாற்றியது. ஆயின், மாற்றத்தின் முடிவில் பிறந்த நைட்ரேட் தொட்டியிலேயே தங்கிப் பெருகியது. பாசி படர்ந்தது, பவளம் நலிந்தது. பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் வேறு வழியில் சென்றனர். உயிர்ப்பாறையோடு, காற்றுக் குமிழ்களால் நுரை எழுப்பிக் கழிவு அழுகும் முன்பே அதை வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் கருவியையும் பயன்படுத்தினர். மொனாக்கோவில் ஜான் ஜோபேர் என்னும் அறிஞர், தடித்த மணற்படுகையின் அடியில் உயிர்வளி குறைந்த இடத்தை உண்டாக்கினார். அங்கு வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றின.

இவ்வெற்றிகள் ஒரு வேட்கையை வளர்த்தன. ஊட்டத்தைக் குறைப்பது நன்றெனில், முற்றும் நீக்குவது இன்னும் நன்றன்றோ எனப் பலர் எண்ணினர். 2000களில் இரும்பு ஆக்சைடு மணிகளால் பாஸ்பேட்டை உறிஞ்சினர். நுண்ணுயிரிகள் பெருகி ஊட்டத்தை உண்ணட்டும் என்று சிலர் தொட்டியில் சில துளி வோட்கா மதுவையும் விட்டனர்! சோதனைக் குப்பியில் நிறம் தோன்றவில்லை, அளவு சுழியம். பளிங்கு போன்ற அந்நீரில்தான் பவளங்கள் நிறம் வெளிறி, வளர்ச்சி குன்றின. பழுப்புச் சளி போன்ற நுண்ணுயிர்ப் படலம் மணலை மூடியதையும் பலர் கண்டனர்.

ஏன்? பவளத்தின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்கு ஊட்டுகின்றன. பவளத்தின் கழிவே அப்பாசிகளுக்கு உரம். ஊட்டம் குறைந்த வெப்பக்கடலில் பவளத்திட்டு செழிப்பதற்கு இக்கொடுக்கல் வாங்கல் ஒரு முதன்மைக் காரணம். கடல்நீரில் ஊட்டம் குறைவே. ஆயினும் அலையோடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். மிதவை உயிரிகளும் உணவாக வந்து சேரும். தொட்டியில் அவ்வரவு இல்லை. ஆகவே, சுழியம் என்பது அங்குத் தூய்மையன்று, பட்டினி.

2013இல் இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேலும் ஓர் உண்மையை வெளியிட்டனர். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையாகும்போது, வெப்பத்தாலும் ஒளியாலும் பவளம் எளிதில் வெளுத்துப் போகிறது. எவ்வளவு உள்ளது என்பதோடு, ஒன்றுக்கு மற்றொன்று எந்த விகிதத்தில் உள்ளது என்பதும் உயிர்நாடியாகிறது. வயல்களின் உரம் ஆற்றுவழி கலக்கும் கரையோரக் கடல்களுக்கு இஃது ஓர் எச்சரிக்கை. இன்று தொட்டி வளர்ப்போரில் பலர் இரண்டையும் சிறிதளவு இருக்க விட்டு, ஏற்ற இறக்கமின்றிக் காப்பதையே நாடுகின்றனர்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ‘தூய நீர் எது?’ என்று வினவினால், ‘எதுவும் கலவாத நீர்’ என்ற விடையே வருகிறது. குடிநீருக்குக் கூட அவ்விடை முழுமையன்று. அதிலும் தாதுப்புகள் உண்டு. நாம் தரும் பாடமே ‘கழிவு தீது, நீக்கு’ என்று முடிந்துவிடுகிறது. அதே நைட்ரேட் வயலில் உரம், கிணற்றில் கேடு, பவளத்தில் உணவு. பொருள் ஒன்றே, இடமும் அளவும் அதன் பெயரை மாற்றுகின்றன. இதைச் சேர்த்துச் சொன்னாலன்றி அப்பாடம் நிறைவு பெறாது என்பது என் கருத்து.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது நம் பிள்ளைகள் மனனம் செய்யும் பழமொழி. அளவில் குறைந்தால் அமுதம் இல்லாத பட்டினியே என்பதைப் பவளம் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே கற்பிப்போம். உங்கள் வகுப்பில் இதை எவ்வாறு விளக்குவீர்கள் என எழுதுங்கள். அறிய ஆவலாய் உள்ளேன்.