குழாயில் கேட்காத உறுமல்

ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் பாட்டுக்கு முன்பே எழும் 'ம்ம்' என்ற தொடர் ஒலிக்கு மைக் செட் தொழிலில் ஹம்மிங் என்று பெயர். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அதனால் ஹம்மிங்கும் 50 ஹெர்ட்ஸிலோ அதன் மடங்குகளிலோதான் வரும். வீட்டு சப்வூஃபரில் இது புதுக் கோளாறாகத் தோன்றினாலும் கோளாறு பழையது. அதைக் கேட்கவைக்கும் பெட்டிதான் புதிது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. உத்திர ரங்கநாதர் கோயில் கொண்ட இதுபோன்ற ஊர்களில் திருவிழாவும் கல்யாணமும் கட்சிக் கூட்டமுமே மைக் செட்டுக்குச் சோறு போட்டன. பைக்காராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின்சாரம் வந்துவிட்டாலும், தமிழகக் கிராமங்களில் பெரும்பாலானவை கம்பி மின்சாரத்தைக் கண்டது 1960களிலும் 70களிலும்தான். அதுவரை கிராமத்து மைக் செட்டுகள் பேட்டரியில் ஓடின. பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். அதில் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு இடமில்லை. பேட்டரியின் மின்னழுத்தத்தை வால்வுகளுக்கு ஏற்ப உயர்த்திய வைப்ரேட்டர் என்னும் அதிர்வுச் சாதனம் வேறொரு கரகரப்பைத் தந்தது என்பது தனிக் கதை.

கரண்டில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபையரோடு ஹம்மிங்கும் கூடவே வந்தது. வால்வின் உள்ளிழையைச் சூடாக்கப் பெரும்பாலும் 6.3 வோல்ட் மாறுமின்னோட்டத்தையே கொடுத்தார்கள். அது ஒலிப் பாதையில் 50 ஹெர்ட்ஸாகக் கசிந்தது. மாறுமின்னோட்டத்தை நேராக்கும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸாக ஒலித்தது. அதை அடக்கச் சோக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரும் இருந்தன. ஆனால் அன்றைய கெப்பாசிட்டர்கள் 8, 16 மைக்ரோஃபாரட் அளவிலேயே கிடைத்தன. சில ஆண்டுகளில் காய்ந்தும் போயின.

இவ்வளவு இருந்தும் திருவிழாக் கூட்டத்தில் யாரும் ஹம்மிங்கைப் பற்றிக் குறைப்படவில்லை என்றால், அந்தப் பெருமை குழாய் ஸ்பீக்கருக்கே சேரும். பனைமரத்திலும் கோயில் மதிலிலும் கட்டிய கூம்புக் குழாய், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய வெளிவிடாது. அதற்குள் இருக்கும் யூனிட்டின் மெல்லிய சவ்வு தாழ்ந்த ஒலியின் பெரிய அசைவைத் தாங்காமல் கிழிந்துவிடும் என்பதால், குழாய்க்கென்று செய்த ஆம்ப்ளிஃபையர்களில் பேஸை வேண்டுமென்றே குறைப்பது வழக்கம். 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் செட்டுகள் ஊர் ஊராகப் பரவிய காலம் முழுதும் உறுமல் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. கேட்பவரின் காதும் ஒத்துழைத்தது: அமைதியான அறையில்கூட 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 44 டெசிபல் அளவைத் தொட்டால்தான் மனிதக் காதுக்கு எட்டும்.

டிரான்சிஸ்டரும் ஐசியும் வந்ததும் உள்ளிழைச் சிக்கல் ஒழிந்தது. 1980களுக்குப் பின் பரவிய 4440 ஐசி போர்டும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரும் மலிவான அசெம்பிள் செட்டுகளுக்கு வழிவிட்டன. ஆனால் தகரப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே உள்ளீட்டு ஒயரை ஓட்டினால் காந்தப்புலம் அதில் ஹம்மிங்காக ஏறும். ஷீல்டு ஒயரும் வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரும் இதற்கு மருந்து.

சப்வூஃபர் சினிமாவின் பிள்ளை. 1974-இல் 'எர்த்குவேக்' படத்துக்காக யூனிவர்சல் நிறுவனம் தியேட்டர்களில் ராட்சதப் பெட்டிகளை வைத்து நிலநடுக்கத்தை உணரவைத்தது. தமிழில் 'குருதிப்புனல்' 1995-இல் டால்பி ஒலியோடு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஹோம் தியேட்டர் செட் நடுத்தர வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. குழாய் விட்டுவைத்த பகுதியை மட்டுமே ஒலிக்கப் பிறந்த பெட்டி இது. ஏறத்தாழ 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை. உறுமலின் இரு சுருதிகளும் அதற்குள்ளேயே அடங்குகின்றன.

கூடவே கேபிள் டிவி வந்தது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் வெளிவலை எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. வீட்டு ஆம்ப்ளிஃபையர் தன் எர்த்தில் தொடுகிறது. இரண்டு இடத்துக்கும் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும், ஆடியோ ஒயரின் வலை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிப்பது கழித்துப் பார்க்கும் முறையில். சப்வூஃபரின் உள்ளீட்டு ஒயரைக் கழற்றியும் உறுமினால் கோளாறு பெட்டிக்குள். பெரும்பாலும் வீங்கிய ஃபில்டர் கெப்பாசிட்டர். நின்றுவிட்டால் அந்த ஒயரை மீண்டும் மாட்டிவிட்டு, அடுத்துக் கழற்ற வேண்டியது கேபிள் ஒயர். அப்போது உறுமல் நின்றால் கேபிளில் ஐசோலேட்டர் போட வேண்டும். எல்லா பிளக்குகளையும் ஒரே போர்டில் செருகுவதும் உதவும்.

எர்த் பின்னை ஒடித்துவிட்டு ஹம்மிங் நின்றது என்று மகிழ்வதும் நடப்பதுதான். உறுமல் நிற்கும், கசிவு வந்தால் பெட்டியின் உலோகத்தைத் தொட்டவர் ஷாக் வாங்குவார். எர்த் குழியைப் பராமரிப்பதே நேர்வழி. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் பாலாற்று மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் குழியில் கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பள்ளிகொண்டா பக்கம் இன்னும் இருக்கிறது.