கட்டையைத் தட்டிக் காட்டு: ஞாபகத்தை அளந்த கதை

கரும்பலகையில இருக்கிற ஒரு வரியைப் பார்த்து கொப்பியில எழுதுறது சின்ன வேலைதான். ஆனால் நிமிர்ந்து பார்த்த எழுத்துகள், குனிந்து எழுதி முடிக்கும் வரை மனதில் நிற்க வேண்டும். அந்தச் சில விநாடி ஞாபகத்தை உளவியலில் செயல்நினைவு என்கிறார்கள். அலன் பெட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் இதை விளக்கினார்கள். ஆனால் இந்த ஞாபகத்தை அளக்கும் ஒரு முயற்சி அதற்கு 60 வருடம் முன்பே நடந்தது, அதுவும் புலம்பெயர்ந்து வந்த ஏழைகள் வரிசையில் நின்ற ஒரு வாசலில்.

நியூயோர்க்கின் எல்லிஸ் தீவு. கப்பலில் வந்தவர்களில் 'மந்தபுத்தி' என்று கணிக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது அமெரிக்கச் சட்டம். பள்ளிக்கூடமே போகாத, ஆங்கிலம் தெரியாத விவசாயியிடம் புத்தகக் கேள்வி கேட்டு எப்படி முடிவெடுப்பது? அங்கிருந்த வைத்தியர் ஹவார்ட் நொக்ஸ், 1913 வாக்கில் நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்தார். சின்னக் கட்டை ஒன்றால் ஓர் ஒழுங்கில் தட்டுவார். எதிரில் இருப்பவர் அதே ஒழுங்கில் தட்டிக் காட்ட வேண்டும். போகப் போக ஒழுங்கு சிக்கலாகும். பேச்சே தேவையில்லை.

பிறகு 1941இல் ஆந்த்ரே ரே சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்து வரையவும், பின்னர் பார்க்காமல் வரையவும் சொன்னார். 1972இல் கனடாவில் பிலிப் கோர்சி கட்டைகளை ஒன்பதாக்கினார். அவருடைய சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கு.

நொக்ஸ் கட்டை தட்டிய காலகட்டத்தை ஒட்டி எங்கட முன்னோர் மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே நாட்கணக்கில் தங்கவைத்து நோய் பார்த்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். உடம்பு போதும், மனசை யாரும் கேட்கவில்லை. ஆனால் கேகாலை, இரத்தினபுரி ரப்பர் தோட்டத்தில பால் வெட்டப் பழகுபவர் என்ன செய்கிறார்? பட்டையில் கத்தி எந்தச் சாய்வில் போகணும், மரத்தைக் காயப்படுத்தாமல் எவ்வளவு ஆழம் இறங்கணும் என்பதை மற்றவர் கையைப் பார்த்து, மனதில் வைத்து, தன் கையால் திருப்பிச் செய்கிறார். லயத்து வாசலில் அம்மாவின் புள்ளிக்கோலத்தைப் பார்த்துப் போடும் பிள்ளையும் அப்படித்தான்.

தோட்டங்கள் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமென்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இவ்வளவு காலம் பிந்திக் கிடைத்த வகுப்பறையில், பலகையைப் பார்த்து எழுதப் பிந்துகிற பிள்ளைக்குச் சட்டென்று 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை ஒரு தடவை பார்த்து நாலு எழுத்து எழுதுதா, ஒவ்வோர் எழுத்துக்கும் நிமிர்ந்து பார்க்குதா என்று யாராவது கவனித்தோமா? கண் பார்வை, பசி, தூக்கமின்மை, பழகாத சொற்கள் எல்லாமே அதே தடுமாற்றத்தைத் தரும்.

நொக்ஸ் மொழியின் அநீதியைக் குறைக்கப் பார்த்தார், உண்மைதான். ஆனாலும் அவருடைய கட்டைகள் யாரைத் திருப்பி அனுப்புவது என்ற கேள்விக்கே பதில் தேடின. பின்னேர வகுப்பு எடுக்கிற நாங்கள் நாலு சிரட்டையை வைத்து அதே விளையாட்டை விளையாடலாம். யார் கெட்டிக்காரர் என்று பிரிப்பதற்காக இல்லை. எந்தப் பிள்ளைக்கு வரியைச் சுருக்கி எழுத வேண்டும், எந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும், யாரை முதலில் கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குவதற்காக.